ஜிமெயில் திருப்பி அனுப்புகிறது, ஸ்பேமும் குறையவில்லை: மெயில் கேட்வேயில் எதை மாற்றுவது?

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகம். எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு (192.168.10.30) முன்னால் ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே (192.168.10.25, ஸ்பேமையும் வைரஸையும் வடிகட்டும் சர்வர்) நிறுவியிருக்கிறோம். ஃபயர்வால் 192.168.10.1. எம்எக்ஸ் பதிவு (எங்கள் டொமைனின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) 203.0.113.25-ஐக் காட்டுகிறது. மெயில் வருகிறது. ஆனால் ஜிமெயிலுக்கு அனுப்பினால், 203.0.113.2 என்ற முகவரியைக் குறிப்பிட்டு 550-5.7.25 பிழையோடு திரும்புகிறது. ஸ்பேமும் குறைந்தபாடில்லை. லாகில் எல்லா மெயிலும் 192.168.10.1-இலிருந்து வந்ததாக இருக்கிறது. நெட்வொர்க் பக்கத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மெயில் 203.0.113.25 வழியாக உள்ளே வருகிறது, 203.0.113.2 வழியாக வெளியே போகிறது. ஃபயர்வாலில் போர்ட் ஃபார்வர்டிங் (உள்ளே வருவதைக் கேட்வேக்குத் திருப்பும் விதி) மட்டும் போட்டுவிட்டு, வெளியே செல்லும் நாட் விதியை (போகும்போது முகவரியை மாற்றும் விதி) மறந்திருக்கிறீர்கள். அதனால் கேட்வேயும் மற்ற கம்ப்யூட்டர்களைப் போல ஃபயர்வாலின் பொது முகவரியில் வெளியேறுகிறது. அந்த முகவரிக்குச் சரியான பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைத் தரும் டிஎன்எஸ் பதிவு) இல்லை என்பதைத்தான் 5.7.25 சொல்கிறது.

192.168.10.25-இலிருந்து கிளம்பும் எல்லாம் 203.0.113.25 ஆக மாறும்படி ஒரு சோர்ஸ் நாட் விதி எழுதி, பொது விதிக்கு மேலே வையுங்கள். பிறகு இணையச் சேவை நிறுவனத்திடம் 203.0.113.25-க்கு பிடிஆர் கேளுங்கள். டொமைன் விற்றவரால் இதைச் செய்ய முடியாது. ஐபி யாருடையதோ அவர்தான் செய்ய வேண்டும். பிடிஆர் தரும் பெயர், அந்தப் பெயரின் ஏ பதிவு (பெயரிலிருந்து ஐபியைத் தருவது), கேட்வே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஹெலோ பெயர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தட்டும். எஸ்பிஎஃப் பதிவிலும் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி பெற்ற ஐபிகளின் பட்டியல்) 203.0.113.25 இடம்பெற வேண்டும்.

ஸ்பேம் குறையாததற்கும் காரணம் நாட்தான், எதிர்த்திசையில். உள்ளே வரும் இணைப்பிலும் ஃபயர்வால் மாஸ்க்வரேட் செய்வதால் (தன் முகவரியைப் போட்டு அனுப்புவதால்), அனுப்பியவரின் உண்மையான ஐபி மறைந்து 192.168.10.1 மட்டும் கேட்வேக்குத் தெரிகிறது. தனியார் முகவரி எந்தத் தடைப்பட்டியலிலும் இருக்காது. எஸ்பிஎஃப் சோதனையும் கிரேலிஸ்டிங்கும் (புதிய அனுப்புநரை முதலில் திருப்பி, மறுபடி முயல வைப்பது) அர்த்தமற்றுப் போகும். ஃபார்வர்டிங் விதியில் மாஸ்க்வரேட்டை நீக்குங்கள்.

இதில் பெரிய ஆபத்து ஒன்றும் ஒளிந்திருக்கிறது. கேட்வே இருக்கும் சப்நெட்டில் உள்ளவர்களை அது இயல்பாகவே நம்பும். மாஸ்க்வரேட் இருக்கும்போது யாராவது போர்ட் 26-ஐயும் (அலுவலகத்திலிருந்து வெளியே போகும் மெயிலைக் கேட்வே வாங்கும் போர்ட்) வெளியே திறந்துவிட்டால், ஊரார் மெயிலையெல்லாம் உங்கள் சர்வர் அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து உள்ளே திறக்க வேண்டியது 25 மட்டுமே. நிர்வாகத் திரையின் 8006-ஐ அலுவலக நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள்.

கேட்வேயின் நெட்வொர்க் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகவரி 192.168.10.25/24, டீஃபால்ட் கேட்வே (இணையத்துக்கு வழி, அதாவது ஃபயர்வால்) 192.168.10.1, ஒரு நெட்வொர்க் கார்டு போதும். மாற்றியதும் புதிய அமைப்பை அமலாக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதே ஓடும். ஐபியை மாற்றினால் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பழைய முகவரி தங்கிவிடாமல் பாருங்கள். ஐபிவி6 முகவரி தானாக வந்திருந்தால் அதற்கும் பிடிஆர் வேண்டும். அது முடியாதென்றால் எடுத்துவிடுங்கள். ஜிமெயிலுக்கு அந்த வழியாகப் போய் மறுபடியும் அடி வாங்கும்.

டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 என்று போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இப்படிப் பொது ரிசால்வர் (பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்) வழியாகக் கேட்டால், ஸ்பேம் தடைப்பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹாஸ் பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத்தான் தரும். அலுவலகத்திலேயே ஒரு அன்பவுண்ட் ரிசால்வரை, வேறு எதற்கும் ஃபார்வர்ட் செய்யாத வகையில், ஓட்டுங்கள். ஸ்பாம்ஹாஸின் ஸென் பட்டியலில் 127.0.0.2 என்ற சோதனை முகவரியைத் தேடிப் பாருங்கள், 127.0.0.2, 127.0.0.4 போன்ற பதில் வந்தால் சரி. வெளியே செல்ல 25, டிஎன்எஸ்ஸுக்கு 53 (யுடிபி, டிசிபி இரண்டும்), நேரத்துக்கு யுடிபி 123, வைரஸ் பட்டியல் புதுப்பிப்புக்கு 80, 443 திறந்திருக்க வேண்டும்.

கேட்வேயின் மெயில் ப்ராக்ஸி பகுதியில் டீஃபால்ட் ரிலே (வடிகட்டிய மெயிலை ஒப்படைக்கும் சர்வர்) 192.168.10.30, ரிலே டொமைனில் உங்கள் டொமைன். எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போவது கேட்வேயின் 26-க்கு வர வேண்டும்; 25-க்கு வந்தால் வெளி மெயிலாக நடத்தப்படும். எக்ஸ்சேஞ்சின் நிர்வாகத் திரையில் சென்ட் கனெக்டரின் (வெளியே மெயில் அனுப்பும் அமைப்பு) போர்ட்டை மாற்ற இடமில்லை, பவர்ஷெல்லில்தான் மாற்ற வேண்டும்.

ஃபயர்வாலில் எஸ்எம்டிபி இன்ஸ்பெக்ஷன் (மெயில் சர்வர்களின் உரையாடலை இடையில் சோதிக்கும் வசதி) இருந்தால் நிறுத்திவிடுங்கள். சில சாதனங்களில் அது வரவேற்பு வரியை நட்சத்திரக் குறிகளாக மாற்றி, டிஎல்எஸ் குறியாக்கத்தையும் கெடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு அனுப்பி, வந்த மெயிலின் மூல ஹெடரில் ரிசீவ்ட் வரியைப் பாருங்கள். 203.0.113.25-உம் உங்கள் ஹெலோ பெயரும் அங்கே இருக்க வேண்டும். அதே கணக்கிலிருந்து பதில் அனுப்பி, கேட்வேயின் ட்ராக்கிங் சென்டரை (மெயில் லாகைக் காட்டும் பக்கம்) திறந்தால் கூகுளின் ஐபி தெரிய வேண்டும். இன்னும் 192.168.10.1 என்றே இருந்தால் மாஸ்க்வரேட் வேறொரு விதியில் மிச்சம் இருக்கிறது.