லோட்டே லேமனை எங்கிருந்து கேட்பது?

கேள்வி: ஜெர்மன் ஆபரா (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) பாடகிகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: சந்தேகமே இல்லாமல் லோட்டே லேமன். 1888-இல் பெர்லேபெர்க்கில் பிறந்து, ஹாம்பர்க்கில் சின்ன வேடங்களில் தொடங்கி, வியன்னாவில் கொடிகட்டிப் பறந்தவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ரோசன்கவாலியர்’ ஆபராவில் இளம்பெண், காதலிக்கும் பையன் (பெண்குரலுக்கே எழுதிய வேடம்), வயதை எண்ணிக் கலங்கும் சீமாட்டி என மூன்று வேடங்களையும் பாடியிருக்கிறார். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபின் அமெரிக்காவில் குடியேறினார். நீண்ட வரிகளின் நடுவே அவர் மூச்சு வாங்குவது காதில் விழும். அதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மனசு பதறிப் பேசுகிறவர்கள் அப்படித்தானே மூச்சு வாங்குவார்கள்! 1951 நியூயார்க் பிரியாவிடைக் கச்சேரியில், ஷூபர்ட் பாட்டின் கடைசி வார்த்தைகளில் தொண்டை அடைத்துவிட, பியானோ மட்டும் முடித்தது. சரி, ஆரம்பிக்க 1935 வியன்னா பதிவு: வாக்னரின் ‘வால்க்யூரே’ ஆபராவின் முதல் அங்கம், இசைக்குழுவை நடத்தியவர் புரூனோ வால்டர். அதில் நாயகி சீக்லிண்டேயாகப் பாடியவர் லேமன்தான்.