கொப்பியில் ஏறிய கடன்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு, செங்கலடியில் சின்னதாய் ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். பாதீட்டில் வெட்டினால் கந்தோர்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். 2022இல் கொந்தராத்துக்காரர்களுக்குக் கொடுத்த சீமெந்து, கம்பிக் காசு இன்னும் முழுதாய் வரவில்லை. கேட்டால் 'பில் பாஸாகவில்லை' என்கிறார்கள். வெட்டுவதென்றால் அரச ஊழியரின் சம்பளத்தில் வெட்டட்டுமே, எங்களை ஏன் வெட்ட வேண்டும்?

– செங்கலடி வாசகர்

அன்புள்ள தம்பி,

என் அத்தான் படுவான்கரைப் பக்கம் ஒரு கொங்கிறீட் வீதி போட்டார். வேலை முடிந்து, அளந்து, ஒப்பமும் வைத்தாயிற்று. கந்தோருக்குப் போகும்போதெல்லாம் 'இன்னும் காசு வரவில்லை' என்ற ஒரே பதில். டிசம்பர் 31 வந்தது, அந்த வருட ஒதுக்கீடு செத்தது, பில் அடுத்த வருட வரிசையில் போய் நின்றது. மேசன்மாருக்குக் கூலி கொடுக்க அக்காவின் காப்பு அடகுக்குப் போனது. கல்லுக்காரருக்கு அதுவும் இல்லை. அவர் லொறிக்கு டீசல் அடித்த இடத்தில் கடன் சொன்னார்.

இதை வெட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீதி கிடக்கிறது, அதில் பஸ் ஓடுகிறது. திறைசேரி உங்கள் கடன் கொப்பியில் வட்டியில்லாமல் சாமான் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கோ வங்கி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட ஏலாது என்று கைவிரித்தது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றிலும் லேசில் கை வைக்க முடியாது. மிஞ்சுவது வீதி, கட்டடம், குளக்கட்டு. சத்தமில்லாமல் நிறுத்தக்கூடியதும் அதுதான். அப்புறம் 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. நீங்கள் அதற்குப் பதியாத சின்னக் கடையாக இருந்தாலும், கொழும்பிலிருந்து இறங்கும் சாமானோடு அந்த வரியும் சேர்ந்தே இறங்கும்.

சரி, சம்பளத்தில் வெட்டட்டும் என்கிறீர்கள். கோபம் விளங்குகிறது, ஆனால் அதில் எனக்கு உடன்பாடில்லை. 2023 ஜனவரியில் காசு போதாமல் நிறைவேற்றுத் தர அதிகாரிகளின் சம்பளத்தைச் சில நாள் பிந்தித்தான் கொடுத்தார்கள். மட்டக்களப்பில் பெரிய தொழிற்சாலைகள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்? வயல், கடல், வெளிநாட்டுக் காசு, அரசச் சம்பளம், இவைதான் நம் கடைத்தெரு. காத்தான்குடிப் புடவைக் கடைக்காரரிடம் கேளுங்கள், 25ஆம் திகதிக்கு முன்னும் பின்னும் வியாபாரம் எப்படியென்று. கந்தோர்க்காரர் வேண்டாதவராக இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் வாடிக்கையாளர்.

ஒன்று மட்டும் செய்யலாம். ஒக்டோபருக்குப் பிறகு தொடங்கும் அரச வேலைக்குக் கடனில் சாமான் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அது எந்த வருட ஒதுக்கீடு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொந்தராத்துக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அத்தான் இப்போது அரச வேலை எடுப்பதில்லை. வீடுகள்தான் கட்டுகிறார், பாதிக் காசை முன்னால் வாங்கிக்கொண்டு. கட்டுவிப்பவர்களில் அதிகம் பேர் ஆசிரியர்கள்.

அன்புடன்.