கேமரா கேள்வி-பதில்: கவிழ்த்த குண்டானும் பூட்டிய கதவும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. அதிலும் முதல் கடிதமே பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டது. லென்ஸ் விலை கேட்டு எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். நான் தேவகோட்டைப் பெண். பள்ளத்தூரில் வாக்கப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. போன வருஷம் சீட்டுப் பணத்தில் ஒரு பழைய கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். எனக்கு எடுக்கப் பிடித்தது ஒன்றுதான். காலையில் பாத்திரம் கழுவி முற்றத்தில் கவிழ்த்து வைப்போமே, அதுதான். தினமும் அடுக்கு மாறும், வெளிச்சம் மாறும். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “ஊரே இந்த வீட்டைப் பாக்க வருது, நீ என்னடான்னா கழுவுன சட்டியைப் போட்டோ எடுக்கிறியே” என்கிறார். காரைக்குடிப் பக்கம் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். ‘சப்ஜெக்ட் வீக், தூண், கதவு, அய்யனார் குதிரை என்று முயற்சி செய்யுங்கள்’ என்றார்கள். குதிரை எடுக்கவும் போனேன். மனசு ஒட்டவில்லை. ஐந்து படம் அனுப்பியிருக்கிறேன். நான் மாற வேண்டுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, பள்ளத்தூர்

பதில்: தங்கச்சி, உங்கள் ஐந்து படத்தையும் பிரிண்ட் போட்டு மேசை மேல் பரப்பி இரண்டு நாள் வைத்திருந்தேன். என் வீட்டு அம்மா காபி கொண்டு வந்தவள், “யார் வீட்டுல இவ்வளவு சுத்தமா கழுவுறாக?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு படத்தை நின்று பார்த்தது ரொம்ப நாளைக்குப் பிறகு இப்போதுதான்.

நான் 1986-ல் காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தேன். கேமரா கையில் வர நாலு வருஷம் ஆனது. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் எதை எடுக்க வேண்டும் என்பதில் போட்டோக்காரனுக்குக் குழப்பமே வராது. இசைகுடிமானம் என்ற கல்யாணப் பத்திரம் எழுதுவதை எடுக்கணும், திருப்பூட்டை, அதாவது தாலி கட்டுவதை எடுக்கணும், பந்தியை எடுக்கணும். அப்புறம் முக்கியமாக, பரப்பி வைத்த சாமான். அண்டா, குண்டான், தூக்கு, சம்படம் என்று வரிசை கட்டி வைத்திருப்பார்கள். ஒரு ஆச்சி என் பின்னாலேயே வருவார். “தம்பி, அந்தக் கோடியில இருக்க அடுக்கு விட்டுப் போச்சு பாரு.” மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால்கூட மன்னிப்பார்கள். சாமானில் ஒன்று விட்டுப் போனால் மன்னிக்க மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் முற்றத்தில் கவிழ்ந்திருக்கும் குண்டானை, அது புதுசாக வந்த அன்றைக்கு எடுக்கச் சொல்லி யாரோ ஒருவன் கையில் காசு கொடுத்திருப்பார்கள். என்னிடமேகூட இருக்கலாம். அன்றைக்கு அது நல்ல சப்ஜெக்ட். ஒன்பது வருஷம் சோறு வடித்து, புளி போட்டுத் தேய்த்து, அடியில் கரி ஏறி இறங்கிய பிறகு வீக் ஆகிவிட்டதா? இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 1991-ல் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். கையில் யாஷிகா, இரட்டை லென்ஸ் வைத்தது. 120 பிலிமில் பன்னிரண்டு படம்தான் விழும். பதினொன்று எடுத்தாயிற்று, ரோலை மாற்ற வேண்டும், ஒன்று மிச்சம். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு மாங்காய்ப் பூட்டு, திண்டுக்கல் சரக்கு, தேங்காய் மூடி அளவு இருக்கும். மழை படாமல் இருக்க யாரோ அதன் தலையில் பாலித்தீன் பையை மாட்டி நூலால் கட்டியிருந்தார்கள். குளிருக்குக் குல்லா போட்ட குழந்தை மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஸ்டூடியோ முதலாளி நெகட்டிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “உன்னைத் திருப்பூட்டுக்கு அனுப்பினா நீ பூட்டை எடுத்துட்டு வர்றியா?” அந்த ஒரு படத்துக்கான பிலிம் காசைச் சம்பளத்தில் பிடித்தார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

அதற்கப்புறம் எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் தெருவில் ஒரு நடை போய் வருவேன். இன்றைக்கு என் பரணில் இருக்கும் பெட்டியில் முந்நூற்றுச் சொச்சம் பூட்டு இருக்கிறது. ஒன்றைக்கூட யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. ‘பூட்டுன வீட்டை எடுக்கிறது நல்லதுக்கா?’ என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அது பேச ஆரம்பிக்கும். ஒரே நிலைக்கதவில் மூன்று பூட்டு தொங்கினால் பங்காளிகள் மூன்று பேர், ஒருத்தரை நம்பி ஒருத்தர் சாவி கொடுக்கவில்லை. கொண்டியைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தால் ஆள் வரப்போகிறார்கள். நாட்டரசன்கோட்டையில் பொங்கல் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்ப் பொங்கல் வைப்பார்கள் இல்லையா, அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஊர்த் தெருவில் நடந்து பாருங்கள். வீடு பார்த்துக்கொள்பவர்கள் எண்ணெய்க் கிண்ணியும் கோழி இறகுமாகப் பூட்டுக்குப் பூட்டு போய்க்கொண்டிருப்பார்கள். தூணையும் நிலைக்கதவின் சிற்பத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் இது எதுவும் எனக்குத் தெரிந்திருக்காது. அவை அழகானவை, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அவற்றிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குக் குதிரையிடம் இல்லாத மாதிரி.

வெளியூர் ஆள் ஒருவரையும் சொல்கிறேன், மாமியாரிடம் காட்ட உதவும். அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார். அதற்கு முன்னாலேயே எத்தனையோ மிளகாய் எடுத்துப் பார்த்தவர். அந்தப் படத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை, ‘மிளகாய், எண் 30’ என்று விட்டுவிட்டார். இன்றைக்குப் பெரிய அருங்காட்சியகங்களில் அது இருக்கிறது. மிளகாய்க்கு நடந்தது குண்டானுக்கும் நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த மனிதர் மிளகாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ‘வேறு ஏதாவது எடுக்கலாமே’ என்று பக்கத்தில் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஆனால் குழுவில் சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். எதை எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். எப்படி எடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் காது கொடுங்கள். உங்கள் இரண்டாவது படத்தில் ஓரமாக ஒரு நீல பிளாஸ்டிக் வாளி நிற்கிறது. கண் நேரே அங்கேதான் போகிறது. மூன்றாவதில் எவர்சில்வர் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. அது கேமரா செய்யும் வேலை. பளீரென்று இருக்கும் எதைப் பார்த்தாலும் கேமராவுக்குள் வெளிச்சம் அளக்கும் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். எக்ஸ்போஷரை முக்காலில் இருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வெயில் நேராக விழும்போது கூட்டினால் விளிம்பெல்லாம் வெந்து வெள்ளையாகிவிடும். அதனால் முற்றத்தில் வெயில் இறங்குவதற்கு முன்னால், வானத்து வெளிச்சம் மட்டும் இருக்கும் நேரத்தில் எடுங்கள். கடையில் லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வார்கள். தண்ணீர், கண்ணாடி மேல் தெரியும் பளபளப்பை அது குறைக்கும். உலோகத்தில் பெரிதாக எடுபடாது. காசை மிச்சம் பிடியுங்கள்.

பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பது தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். பட்டாலைப் பக்கம் வாசல் வெளிச்சம் வரும் இடத்தில் ஒன்றைத் திருப்பி வைத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும். ஆனால் அந்தப் பெயர்கள் உங்கள் வீட்டு ஆட்களுடையவை. வெளியே அனுப்பும் முன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சப்ஜெக்டைப் பற்றி அவர் அபிப்பிராயம் வேறு, அவர் பெயரைப் பற்றி அவர் அபிப்பிராயம் வேறு. நானும் பூட்டுப் படத்தில் எந்தத் தெரு, எந்த வீடு என்று எழுதுவதில்லை. இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்வது திருடனுக்குத் தபால் போடுகிற மாதிரி.

கடைசியாக ஐந்தாவது படம். கவிழ்த்த தூக்கின் வயிற்றில் நீங்கள் தெரிகிறீர்கள், சின்னதாக, வளைந்து, கேமராவோடு. மற்ற நாலிலும் உங்கள் உருவம் விழாமல் இருக்க ஒதுங்கி ஒதுங்கி எடுத்திருக்கிறீர்கள். இதில் மட்டும் விட்டுவிட்டீர்கள், அல்லது கவனிக்கவில்லை. உங்கள் சிவப்புச் சேலைதான் அந்தப் பாத்திரத்துக்கே நிறம் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் ஐந்தில் நல்ல படம். அதையும் நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு வயது 21. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் படம் எடுக்கப் பிடிக்கிறது. அதைத்தான் ஆயிரம் பேர் எடுத்தாயிற்றே, தேய்ந்துபோன சப்ஜெக்ட் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். விட்டுவிடவா?
— வாசகர், காரைக்குடி

பதில்: மேலே இருக்கும் தங்கச்சிக்கு யாரும் எடுக்காததை எடுப்பதில் சங்கடம், தம்பிக்கு எல்லாரும் எடுப்பதை எடுப்பதில் சங்கடம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் எனக்கு வேலை குறையும்.

ஆயிரம் பேர் எடுத்தது பெரும்பாலும் பதித்து முடித்த தரையைத்தான். நீங்கள் பட்டறையில் நிற்கிறீர்கள், அங்கேயே நில்லுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சை இறக்கி, கலர் சிமெண்டைக் கண் கண்ணாக ஊற்றி, அச்சைத் தூக்கும் அந்த நொடி ஒரு மூச்சு விடும் நேரம்தான். அடுத்து உலர்ந்த கலவையைத் தூவிவிடுவார்கள், நிறம் மறைந்துவிடும். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறித்தான் கல் இறுகும். மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஊற்றுகிறவர் கையை ஒரு வாரம் பார்த்தால் நிறம் எப்போது எந்தக் கண்ணுக்குப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்போது உங்கள் படம் ஆயிரத்தொன்றாவது படமாக இருக்காது. இருந்தாலும்தான் என்ன?

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர், சென்னை மாகாண அரசின் போட்டோக்காரர், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தையும் எடுத்தார். கூடவே அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டை ஒட்டிச் சுமார் 19 அடிக்கு நீட்டியிருக்கிறார். நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்கும் வந்து எடுத்தவர்தான். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் கோயிலில் குனிந்து பார்க்கவும் இடம் இருந்திருக்கிறது.

ஒன்று, காய வைத்திருக்கும் கல்லை மிதித்துவிடாதீர்கள். பட்டறைக்காரர் போட்டோக்காரர்களை வெறுப்பதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எங்கே போனாலும் என் டிவிஎஸ் 50 வண்டியை அந்த இடத்தில் நிறுத்தி அதை மட்டும் படம் எடுக்கிறேன். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய் எல்லா இடத்திலும் வண்டிதான் நிற்கும். பேரப்பிள்ளைகள் “ஐயா, வண்டிக்கு ஆல்பம் போடுறீகளா” என்று சிரிக்கிறார்கள். இது சரியா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: ஆல்பம் போடத்தான் வேண்டும். பிரிண்ட் எடுத்துப் பின்னால் தேதியும் ஊரும் பென்சிலால் எழுதி வையுங்கள், பேனா மை ஊறிவிடும். வேட்டங்குடியில் பறவை வரும் காலத்தில் வண்டியைக் கரையிலேயே ஆஃப் பண்ணித் தள்ளிக்கொண்டு போங்கள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை.

அடுத்த செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வந்தால் கோயில் பக்கம் என்னைத் தேடுங்கள் ஐயா. கழுத்தில் கேமரா, கண் யார் வீட்டுக் கதவிலோ இருக்கும். வண்டியோடு நீங்களும் நில்லுங்கள், ஒரு படம் நான் எடுத்துத் தருகிறேன்.