பூட்டிக்கிடக்குற வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் தேவையா?

கேள்வி: எங்க வீடு பள்ளத்தூர்ல இருக்கு, நாங்க இருக்கறது சென்னையில. வருஷத்துல ரெண்டு மூணு தடவதான் வீட்ட திறப்போம். போன வருஷம் முன்னோருக்கு படைக்கிற படைப்புக்கு வந்தப்ப பிள்ளைக நாலஞ்சு பேருக்கு வாந்தி, வயித்தால போச்சு. வர்ற தை மாசம் அப்பச்சிக்கு எழுபது வயசு பீமரத சாந்தி. ஒரு வாரம் 40 பேர் தங்குவோம், விசேஷத்தன்னிக்கு 300 பேர் வருவாக. வீட்டுல பத்தாயிரம் லிட்டர் சம்ப், மொட்டமாடியில டேங்க், பின்கட்டுல கிணறு, ஒரு போர், ரெண்டு நாளைக்கு ஒருக்க வர்ற பேரூராட்சி குழாய் எல்லாம் இருக்கு. ஒரு மெஷின் கம்பெனிக்காரவுக வந்து போர் தண்ணியில டிடிஎஸ் 1100ன்னு காட்டி, ரெண்டு டம்ளர்ல கம்பிய விட்டு கரன்ட் குடுத்தாக, எங்க தண்ணி செங்காவியா மாறிருச்சு, பயந்துட்டோம். மணிக்கு 250 லிட்டர் ஆர்ஓ போடச் சொல்றாக. போடலாமா தம்பி?

பதில்: வேணாம் ஆச்சி. அட்வான்ஸ் குடுத்திருந்தா திருப்பிக் கேளுங்க.

பிள்ளைகளுக்கு வயித்தால போனது உப்பால இல்ல, கிருமியால. டிடிஎஸ் மீட்டர் தண்ணியில கரைஞ்சிருக்க உப்பு மொத்தம் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், கிருமி இருக்கா இல்லையான்னு அதுக்கு தெரியவே தெரியாது. சாக்கடை கலந்த தண்ணி 300 காட்டலாம், கிருமியே இல்லாத போர் தண்ணி 1100 காட்டலாம், இதுல எத குடிப்பீங்க? நம்ம நாட்டு குடிநீர் தரம் ஐஎஸ் 10500 என்ன சொல்லுதுன்னா டிடிஎஸ் 500க்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணிக்கு வழியில்லேன்னா 2000 வரைக்கும் ஏத்துக்கலாம். ஆனா மலத்துலருந்து வர்ற ஈகோலை கிருமி மட்டும் 100 மில்லியில ஒண்ணுகூட இருக்கக்கூடாது, அதுல எந்த சலுகையும் கிடையாது. 1100ங்கறது நாக்குல கொஞ்சம் கரிக்கும், பருப்பு வேக நேரமாகும், அவ்வளவுதான். காரைக்குடியில சம்பை ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்தவுகளுக்கு எந்த ஊர் தண்ணியும் உப்பாத்தான் இருக்கும், அது வேற கத.

அந்த கம்பி வித்தைய பத்தி சொல்லியே ஆகணும். அந்த டப்பாவுல இரும்புக் கம்பி, அலுமினியக் கம்பின்னு ஜோடி ஜோடியா இருக்கும். உப்பு இருக்க தண்ணியில கரன்ட் பாயும், பாஞ்சா இரும்புக் கம்பி கரைஞ்சு துருவா மாறி சேறு மாதிரி மெதக்கும், அந்த செங்காவி கம்பியிலருந்து வந்தது, உங்க தண்ணியிலருந்து இல்ல. ஆர்ஓ தண்ணியில உப்பு இல்லாததால கரன்ட் சரியா பாயாது, தெளிவாவே நிக்கும். அடுத்த தடவ யாராச்சும் இதக் காட்டினா அவுக கொண்டாந்த ஆர்ஓ தண்ணியிலயே ரெண்டு விரல் உப்பப் போட்டுட்டு திரும்ப கரன்ட் குடுக்கச் சொல்லுங்க, அதுவும் செங்காவி ஆகும், மூஞ்சி மாறும் பாருங்க. அழகப்ப செட்டியார் நெலமும் பணமும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டின மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம சிக்ரி, பக்கத்துல காரைக்குடியிலயே இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே வந்து இந்த வித்தைய காட்டுறாகன்னா தைரியம்தான்.

இன்னொண்ணு, ஆர்ஓ மெஷின் தெனம் ஓடுற எடத்துக்குத்தான். நீங்க ஒரு வாரம் ஓட்டிட்டு நாலு மாசம் பூட்டிட்டுப் போனா மெம்பரேன், அதான் உப்ப வடிகட்டுற சவ்வு, அதோட ஈரத்துல பாசி மாதிரி வழவழன்னு கிருமி படலம் புடிக்கும், காஞ்சு போச்சுன்னா தண்ணி எறங்காது, மாத்தத்தான் வேணும். ஓட்டாம வைக்கணும்னா சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல்ல ஊறவச்சு வைக்கணும், அத யாரு செய்யப் போறா. அதோட மெம்பரேனுக்கு முன்னாடி இருக்க கார்பன் ஃபில்டர் குளோரின எடுத்துரும், அதனால வெளிய வர்ற தண்ணிக்கு பாதுகாப்பு ஒண்ணுமே இருக்காது, அத ஸ்டீல் டேங்க்ல புடிச்சு வச்சா மறுபடி கிருமி சேரும். கழிவா போற தண்ணி வேற கணிசம். உங்க லேப் ரிப்போர்ட்ல ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ கூட இருந்தாதான் ஆர்ஓவப் பத்தி யோசிக்கணும், அப்பவும் குடிக்க மட்டும் சின்ன மெஷின் போதும்.

அப்ப போன வருஷம் என்ன நடந்திருக்கும்? கண்ணால பாக்காம ஒண்ணத்தான்னு சொல்ல முடியாது, ஆனா பூட்டிக்கிடக்குற வீடுகள்ல நான் மொதல்ல சந்தேகப்படுறது சம்ப்தான். பேரூராட்சி தண்ணி குழாயில வர்றப்ப லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாச்சும் குளோரின் மிச்சம் இருக்கணும்னு கணக்கு, அந்த மிச்சம்தான் காவல். சம்ப்ல விழுந்து நம்ம ஊர் வெயில்ல ரெண்டு மூணு நாள் நின்னா அது போயிரும். நீங்க மாசக்கணக்கா நிக்க வச்சிருக்கீங்க. மூடி சரியா பொருந்தாம பல்லி, கரப்பான் விழுந்திருக்கும், ஓவர்ஃப்ளோ பைப்புக்கு வலை இருக்காது, அடியில ஒரு வெரக்கட வண்டல் கெடக்கும். வீட்ட திறந்ததும் வேலையாள் மோட்டாரப் போடுவாக, அந்த வண்டல் கலங்கி மேல டேங்குக்கு போகும், அங்கருந்து எல்லா குழாய்க்கும் போகும். கெடக்குற தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கறதால யாருக்கும் சந்தேகமே வராது.

சம்ப் ஒழுகுதான்னும் பாத்துருங்க. சாயங்காலம் எல்லா வால்வையும் மூடிட்டு தண்ணி மட்டத்துல சுவத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க, காலையில கோட்டுக்கு கீழ விரல் அளவு எறங்கியிருந்தா விரிசல் இருக்குன்னு அர்த்தம். உள்ள இருந்து வெளிய போற வழியில வெளியில இருந்து உள்ளயும் வரும், ஐப்பசி மழையில மண்ணு நனைஞ்சு கிடக்கறப்ப பக்கத்து செப்டிக் டேங்க் தண்ணி உள்ள வர்றதுக்கு அந்த விரிசல் போதும். பழைய வீடுகள்ல பின்னாடி போட்ட கக்கூஸ் லைன் சம்ப ஒட்டியே போறத நெறைய பாத்திருக்கேன்.

அடுத்து குழாய். ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி விட்டா நடுவுல லைன் காலியா கெடக்கும், ஜாயின்ட் ஒழுகுற எடத்துல சாக்கடை இருந்தா அத உள்ள இழுக்கும். நெறைய பேர் குழாயில நேரா மோட்டார மாட்டி உறிஞ்சுறாக, அது தப்பு மட்டுமில்ல, தெருவுல இருக்க அழுக்க நம்ம வீட்டுக்கே இழுத்துட்டு வர்ற வேல. உங்க வீட்டுல அப்படி இருந்தா கழட்டிருங்க. தண்ணி வந்ததும் மொதல் அஞ்சு பத்து நிமிஷத்த வெளிய விட்டுட்டு அப்புறம் சம்ப்புக்கு திருப்புங்க.

இப்ப வேலைக்கு வருவோம். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே யாராச்சும் ஒருத்தர் போய் ஆரம்பிச்சிரணும், மொத நாள் ராத்திரி போய் எறங்கி ஒண்ணும் நடக்காது. சம்ப்பையும் மேல் டேங்க்கையும் முழுசா காலி பண்ணுங்க. சம்ப்ல ஆள் எறங்குறதுக்கு முன்னாடி மூடிய திறந்து நாலஞ்சு மணி நேரம் காத்தாட விடணும், ஃபேன் வச்சு காத்து அடிச்சா இன்னும் நல்லது, மேல ஒருத்தர் கண்டிப்பா நிக்கணும், உள்ள இருக்கவுக இடுப்புல கயிறு கட்டியிருக்கணும். மூடியே கெடந்த தொட்டியில ஆக்சிஜன் கொறஞ்சிருக்கலாம், எறங்கினவன் மயங்கி, காப்பாத்தப் போனவனும் சேந்து சாகறது நாட்டுல நடந்துக்கிட்டே இருக்கு, இதுல சிக்கனம் பாக்காதீங்க. வண்டல வாரிட்டு தேங்கா நாரு போட்டு சுவத்த வெறும் தண்ணியிலயே தேச்சுக் கழுவணும். ஆள் உள்ள இருக்கறப்ப பிளீச்சிங் பவுடர் தூவக்கூடாது, கக்கூஸ் கழுவுற ஆசிட்டோட சேரவே கூடாது, விஷ வாயு கெளம்பும்.

கழுவி முடிச்சு ஆள் வெளிய வந்தப்புறம் தண்ணி ரொப்பி, ஆயிரம் லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர்னு உங்க பத்தாயிரம் லிட்டர் சம்ப்புக்கு ரெண்டு கிலோ. நேரா கொட்டாதீங்க, வாளியில கரைச்சு சுண்ணாம்பு அடியில எறங்கினப்புறம் தெளிவ மட்டும் ஊத்துங்க. பவுடர் புதுசா, காத்துப்போகாத பையில இருந்ததா பாத்து வாங்குங்க, திறந்து கெடந்த மூட்டையில வெறும் சுண்ணாம்புதான் மிச்சமிருக்கும். அந்த தண்ணிய மோட்டார் போட்டு மேல ஏத்தி, முகப்புலருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ஒரு குழாய் விடாம திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடுங்க, மாடி பாத்ரூம் ஷவர் உட்பட. ராத்திரி முழுக்க அப்படியே நிக்கட்டும், யாரும் புழங்கக்கூடாது. காலையில எல்லாத்தையும் தெறந்து வடிச்சிட்டு நல்ல தண்ணி விட்டு ஒரு சுத்து கழுவுங்க. வடிக்கிற தண்ணிய ஊரணிப் பக்கம் விட்டுராதீங்க, மீன் செத்துரும், கிணத்துலயும் வேணாம், பின்னாடி வெறும் நெலத்துல ஒரு குழி வெட்டி வெயில்ல விடுங்க.

இதுக்கப்புறமும் சம்ப் தண்ணிய குடிக்க வைக்காதீங்கன்னுதான் சொல்வேன். குளிக்க, கழுவ, துணி துவைக்க அது. குடிக்கறதுக்கும் சமையலுக்கும் தனியா ஆயிரம் லிட்டர் டேங்க் ஒண்ணு, கீழ பைப் வச்சது, அடுப்படிப் பக்கம் நெழல்ல வைங்க. 40 பேருக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர் தாராளம். விசேஷத்தன்னிக்கு மட்டும் ரெண்டு தடவ ரொப்ப வேண்டி வரலாம். குழாய் தண்ணிய புடிச்சு ஆயிரம் லிட்டருக்கு 8 கிராம் பவுடர், சமையல் தராசுல நிறுத்து, கரைச்சு, தெளிவ ஊத்தி கலக்கி அரை மணி நேரம் விடணும். அப்புறம் குளோரோஸ்கோப்ல பாருங்க, சின்ன டியூப்ல தண்ணி புடிச்சு மருந்து சொட்டு விட்டா மஞ்சளாகும், பக்கத்துல இருக்க கலர் அட்டையோட ஒப்பிட்டா 0.2லருந்து 0.5க்குள்ள இருக்கணும். மஞ்சளே வரலேன்னா தண்ணியில அழுக்கு இருந்து குளோரின முழுங்கிருச்சுன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் போட்டு திரும்ப பாக்கணும். தெனம் காலையில ஒரு ஆள் இத பாக்கணும், அந்த ஆள் யாருன்னு இப்பவே முடிவு பண்ணிருங்க, எல்லாரும் பாத்துக்குவோம்னு விட்டா யாரும் பாக்க மாட்டாக.

தண்ணி பரிமாறுற எடத்த பத்தி ஆச்சிமாரு கோவிச்சாலும் சொல்லிடறேன். நல்ல தண்ணிய பெரிய அண்டாவுல ஊத்தி வச்சு போறவுக வர்றவுகல்லாம் டம்ளர கைவிரலோட முக்கி மொண்டா அதுவரைக்கும் பண்ணின வேலை எல்லாம் வீண். பித்தளை தவலை, செப்புக்குடம் அழகுதான், புளி போட்டு வெளக்கி வளவுல வரிசையா வைங்க, ஆனா குளோரின் போட்ட தண்ணிய அதுல நாள் கணக்கா வைக்காதீங்க, பாத்திரத்த அரிக்கும். குடிக்க மூடி போட்ட, குழாய் வச்ச ஸ்டீல் டிரம் மட்டும்தான். சமையக்காரவுக கிட்ட சொல்லி குடிதண்ணிய கொதிக்க வச்சு சீரகம் போட்டு ஆறவச்சு குடுத்தா இன்னும் நல்லது, தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா போதும். ஐஸ எங்கருந்து வாங்குறாகன்னு கேளுங்க. ரோஸ்மில்க்ல போடுற ஐஸ் மீனுக்கு போடுற ஐஸா இருந்தா அத குடிச்சவுகளுக்கு நீங்க டேங்க் கழுவினது எதுக்கும் ஆகாது. போன தடவ பிள்ளைகளுக்கு மட்டும் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அங்கயும் ஒரு சந்தேகம் உண்டு.

கேன் தண்ணி வாங்குறதா இருந்தா சீல், தயாரிச்ச தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் பாத்து வாங்குங்க, வெயில்ல அடுக்கி வச்சிருந்தா வேணாம்னுருங்க.

கிணத்துக்கு வர்றேன். சிவகங்கையில குடிநீர் வடிகால் வாரிய லேப் இருக்கு, பணம் கட்டினா டெஸ்ட் பண்ணிக் குடுப்பாக. போர் தண்ணி, கிணத்துத் தண்ணி ரெண்டையும் ரசாயன டெஸ்டுக்கு குடுங்க. ஃப்ளோரைடு 1.5க்கு மேல, நைட்ரேட் 45க்கு மேல இருந்தா குடிக்கவோ சமைக்கவோ கூடாது, இதெல்லாம் கொதிக்க வச்சா போகாது, கொதிக்கக் கொதிக்க கூடும். கிணத்துல நைட்ரேட் எகிறியிருந்தா பக்கத்துல செப்டிக் டேங்க் கசியுதான்னு சந்தேகப்படணும், கிணத்துக்கும் அதுக்கும் அம்பது அடியாச்சும் தள்ளி இருக்கணும். நம்ம பக்கம் செம்புறாங்கல் பூமி, மொண்டு வச்ச தண்ணி கொஞ்ச நேரத்துல மஞ்சளிச்சு துரு படிஞ்சா இரும்பு இருக்குன்னு அர்த்தம், அது காத்துபட விட்டு மணல்ல வடிகட்டினாலே கொறையும். கிருமி டெஸ்டுக்கு சாம்பிள் லேப் குடுக்குற பாட்டில்லதான் புடிக்கணும், ஐஸ்ல வச்சு அன்னிக்கே சேத்துரணும். முடியலேன்னா எச்2எஸ் பாட்டில்னு ஒண்ணு கிடைக்கும், தண்ணிய புடிச்சு ரெண்டு நாள் வச்சா கறுப்பாச்சுன்னா மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம்.

மழத்தண்ணிய பத்தி நீங்க கேக்கல, ஆனா வளவு இருக்க வீட்டுல இதச் சொல்லாம இருக்க முடியல. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர். உங்க ஓட்டுக்கூரை 2000 சதுர அடின்னு வச்சா 50 மில்லிமீட்டர் பேயுற ஒரே மழையில சேதாரம் போக ஏழாயிரம் லிட்டர் வரும். முத்தத்துல கூரைத் தண்ணி சேந்து விழுற கூடல்வாய்லருந்து பைப்ப எடுத்து, மொதல் தண்ணிய வெளிய தள்ள ஒரு வால்வு, ஒரு மணல் ஃபில்டர், மூடின தொட்டின்னு போட்டா ஐப்பசி கார்த்திகையில ரொம்பினது தை விசேஷத்துக்கு ஆகும். பழைய கூடல்வாய் தகரத்துல ஈயப் பத்தோ பழைய பெயின்டோ இருந்தா மாத்திட்டு செய்யணும், இந்தத் தண்ணிக்கும் குளோரின் உண்டு. இந்த வருஷத்துக்குள்ள முடியாது, அடுத்த வருஷம் பாருங்க.

விசேஷம் முடிஞ்சு வீட்ட பூட்டுறப்ப சம்ப், டேங்க் ரெண்டையும் காலி பண்ணி காயவச்சு மூடுங்க, ஓவர்ஃப்ளோவுக்கு கொசுவலை கட்டுங்க, குழாய் லைன்ல வர்ற வால்வ அடைச்சிருங்க. டேங்க் வெடிச்சிரும்னு கொஞ்சம் தண்ணி விடச் சொல்வாக, பிளாஸ்டிக் டேங்க் நெழல்ல இருந்தா காலியாவே கெடக்கலாம். லேப் ரிப்போர்ட் வந்ததும் ஃப்ளோரைடு, நைட்ரேட் வரி இருக்க பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க ஆச்சி, போர் தண்ணிய சமையலுக்கு விடலாமான்னு அதப் பாத்துட்டு சொல்றேன்.