போர்ட்டோவில் முட்டிவலியுள்ள அம்மாவுடன் ஒரு பகல்

போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஒரு பகல்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறாமல் பழைய நகரைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். மேலிருந்து தொடங்கி இறக்கத்திலேயே போங்கள்.

மெட்ரோவில் சாவோ பென்டோவில் இறங்கி, ரயில் நிலைய முன்கூடத்தை நிதானமாகப் பாருங்கள். ஜோர்ஜ் கொலாசோ வரைந்த சுமார் 20,000 டைல்ஸ். 1415இல் போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் செயூட்டா நகரைப் பிடித்த காட்சிக்கு முன்னால்தான் எப்போதும் கூட்டம். எனக்கென்னவோ அறுவடையும் தண்ணீர் ஆலையும் இருக்கிற சின்னப் படங்கள்தான் பிடிக்கும்.

அப்புறம் ஃப்ளோரஸ் தெரு வழியாக மெல்ல இறங்கினால் சாவோ டொமிங்கோஸ் சதுக்கம். அங்கிருந்து ஆற்றங்கரை ரிபெய்ரா வரை சரிவு கொஞ்சம் அதிகம், கல் பாவிய தரை மழையில் வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். முட்டி ரொம்பப் படுத்தினால் இந்தத் துண்டுக்கு மட்டும் டாக்ஸி.

திரும்ப ஏற வேண்டியதில்லை. லூயிஸ் பாலத்தின் அடியிலிருந்து கின்டாய்ஷ் விஞ்ச் ரயில் மேலே பட்டாள்யா பக்கம் கொண்டுவிடும். அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். பாலத்தின் (1886) மேல்தளம் சமதளம், மெட்ரோவும் நடப்பவர்களும் மட்டும்தான். மாலையில் அதில் நடக்கலாம். கிளெரிகோஸ் கோபுரத்தை விட்டுவிடுங்கள், 200க்கு மேல் படி.