கல்லாவில் யார் உட்கார்வது?

கேள்வி: அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு, மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள எங்கள் கம்பி, சிமெண்ட் கடையை மூன்று வருடமாக நான்தான் நடத்துகிறேன். வியாபாரம் குறையவில்லை. ஆனால் வருகிற கொத்தனார்களும் கம்பெனி ஆட்களும், "ஆம்பளையாளு யாரும் இல்லியா மக்ளே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் டெம்போ வாங்கப் போனேன். காசு என்னுடையது. ஷோரூம்காரர் பேசியதெல்லாம் கூட வந்த கொழுந்தனிடம். "அவனைக் கல்லாவில இருத்து, நீ உள்ளே இருந்து கணக்கு பாரு" என்கிறார் கணவர். அப்படிச் செய்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம் சகோதரி. கல்லாவை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். தினமும் நீங்கள் முகம் வாடி வீட்டுக்கு வருவதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைத்தெருவில் கல்லாவில் இருப்பவர்தான் முதலாளி. கொழுந்தன் அங்கே உட்கார்ந்தால், யாருக்குக் கடன் கொடுக்கலாம், கம்பெனியிடம் என்ன விலைக்கு முடிக்கலாம் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் போய்விடும். உங்களிடம் மிஞ்சுவது கணக்கு நோட்டு மட்டும்தான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பெண்கள் சம்பாதிப்பது புதிதே இல்லை. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமை நிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். கடற்கரையிலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்பதும், அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கை கறுக்கக் கறுக்க அண்டி உடைப்பதும் பெண்கள்தானே? அதையெல்லாம் ஊர் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதே பெண் பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான்கு ஆண்களுக்குக் கூலி கொடுத்தால்தான் ஊருக்கு உறுத்துகிறது. கூடை சுமந்தால் "பாவம், கஷ்டப்படுறா". விலை பேசினால் "பொம்பளைக்கு என்ன தெரியும்". 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் நம்முடையது. இவ்வளவு படித்த பிறகும் இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்கு வருத்தம்தான்.

சரி, கொத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். "ஆம்பளையாளு இல்லியா?" என்று கேட்பவரிடம் கோபப்பட வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "நான்தான் கடை. எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை எண்ணம்?" என்று உடனே வேலைக்குப் போய்விடுங்கள். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு சுமார் 890 கிராம், முழுக் கம்பி 12 மீட்டர் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் எண்ணிக்கை சொல்லி முடிப்பதற்குள் எடையைச் சொல்லுங்கள். சிமெண்ட் மூட்டையில் பேக் செய்த வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். அதை நீங்களே காட்டி, "இது புதுச் சரக்கு, பாத்துக்கிடுங்க" என்று கொடுங்கள். மூன்று மாதத்தைத் தாண்டிய மூட்டையைத் தலையில் கட்டாத கடைக்குக் கொத்தனார் திரும்பி வருவார். சரக்கு சரியாக இருந்தால் அவருக்கு முதலாளி யாராக இருந்தால் என்ன?

இன்னொன்று. வீடு கட்டும்போது டைல்ஸ் நிறம், பெயிண்ட், அடுக்களைக் குழாய் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அந்த வீட்டுப் பெண். கடைக்கு வந்தால் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரரிடம்தான் பேசுவார்கள். உங்கள் கடையிலாவது அவரிடம் பேசுங்கள். ஷோரூமில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமே.

அந்த டெம்போவை அந்தக் கடையில் வாங்காதீர்கள். உங்களிடம் பேசவில்லை என்பதற்காக வழக்குப் போட முடியாது, வேறு கடைக்குப் போக முடியும். அடுத்த தடவை உங்கள் பெயரில் கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். கொழுந்தன் கூட வரட்டும், ஆனால் கிளம்பும் முன்னாலேயே அவரிடம் சொல்லிவையுங்கள்: யாராவது தன்னைப் பார்த்துப் பேசினால், "வண்டி மைனிக்கு, அவங்ககிட்ட பேசுங்க" என்று அவர் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்து ஆண் இதை ஒரு தடவை சொன்னால் போதும், பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. கடை இப்போது யார் பெயரில் இருக்கிறது? பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் வந்ததும், மனைவியையும் மகளையும் உட்காரவைத்துக் கணக்குக் காட்டியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பேப்பரில் பெயர் இருந்தது, கையில் அதிகாரம் இல்லை. உங்களுக்கு நேர்மாறாக இருக்குமோ என்று பயப்படுகிறேன். ஜி.எஸ்.டி. இன்னும் அப்பாவின் பான் எண்ணில்தான் ஓடுகிறது என்றால், அப்பாவோடு சேர்ந்து கூட்டுப் பத்திரம் எழுதுவதா, உங்கள் பெயரில் புதிதாகப் பதிவதா என்று ஆடிட்டரிடம் கேட்டு இந்த மாதமே முடிவு செய்யுங்கள். அப்பா பேசும் நிலையில் இருக்கும்போதே, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதையும் புதிய பெயரிலேயே செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கும் அப்படியே.

கொழுந்தனை ஒதுக்க வேண்டாம். லோடு இறக்கவும், பாக்கி வசூலுக்கும் நம்பிக்கையான ஆள் தேவைதானே. மாதச் சம்பளம் பேசி வையுங்கள், சம்பளத்தை நீங்களே கையில் கொடுங்கள். டெம்போ வாங்கியதும் ஒரு வரி எழுதுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.