வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி வலி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: சிஸ்டர், நாங்கள் குடியாத்தம் பக்கம். மகளுக்கு 9 வயது. தொடை எலும்பில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து எட்டு மாதம் நன்றாக இருந்தாள். இப்போது நுரையீரலுக்கும் இடுப்புக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "அது கடைசி மருந்து, கொடுத்தால் பிள்ளை எழுந்திருக்காது" என்கிறார் என் அம்மா. அதனால் அவள் ரொம்ப அழுதால் மட்டும் கொடுக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடுத்தால் தூங்குகிறாள், ஆனால் இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுகிறாள். "அப்பா, எனக்குச் சரியாயிடுமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? இவளுக்கு அண்ணன் ஒருவன், ஏழாவது படிக்கிறான். அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

பதில்: முதலில் அந்த இரண்டு மணி. அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரை விழுங்கி அரை மணி, முக்கால் மணியில் வேலையைத் தொடங்கும், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒன்பதுக்குக் கொடுத்தது ஒரு மணிக்குத் தீர்ந்துபோகிறது. இரண்டு மணிக்கு உங்கள் மகள் எந்த மருந்தும் இல்லாமல் படுத்திருக்கிறாள். நோய் திடீரென்று முற்றிவிட்டதால் அந்த அலறல் வருவதில்லை, மருந்துக்கு இடைவெளி விழுவதால் வருகிறது.

வலி வந்த பிறகு துரத்திப் பிடிக்கக்கூடாது, வருமுன் வாசலிலேயே நிறுத்த வேண்டும். டாக்டர் நான்கு மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10, மறுபடி 2 என்று போனில் அலாரம் வைத்துவிடுங்கள். தூங்கினாலும் மெல்ல எழுப்பிக் கொடுங்கள். "தூங்குற பிள்ளையை எழுப்புவதா?" என்று வீட்டில் சண்டை வரும். மருந்துக்காக எழுந்த பிள்ளை பத்து நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிடும். வலியில் எழுந்தால் விடியும்வரை தூங்காது. சில டாக்டர்கள் பத்து மணிக்குக் கூடுதலாகக் கொடுத்து இரண்டு மணி வேளையைத் தவிர்க்கச் சொல்வார்கள். அதை அவர்கள் முடிவு செய்யட்டும், குழந்தைக்கு அளவு எடையை வைத்துத்தான். நடுவில் வலி வந்தால் கொடுக்க ஒரு 'எக்ஸ்ட்ரா டோஸ்' எவ்வளவு என்றும் சீட்டில் எழுதி வாங்குங்கள். எத்தனை முறை எக்ஸ்ட்ரா தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த அளவை ஏற்றுவார்கள்.

இனி அம்மா சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபினை வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் பல லைசென்சுக்கு அலைய வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலானோருக்கு அது கிடைக்கவில்லை, கிடைத்தவர்களுக்கும் கடைசி இரண்டு நாளில்தான். மருந்து கொடுத்தார்கள், மறுநாள் போய்விட்டார் என்றுதான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். இப்போது மாதக்கணக்கில் மார்ஃபின் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. சரியான அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினால் அது உயிரை எடுக்காது. வலிக்காக எடுக்கும் பிள்ளை அதற்கு அடிமையாவதும் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருக்கும். பல நாள் தூங்காத பிள்ளை பாக்கித் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கும். பயப்பட வேண்டியது, எழுப்பினால் கண் திறக்காமல், மூச்சும் மிக மெதுவாகப் போனால் மட்டும். அப்போது அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மார்ஃபினில் மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. அதைப் பொடிக்கக்கூடாது, உடைக்கக்கூடாது. சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கலாம். உங்களிடம் இருப்பது எது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், நானே ஒருமுறை சொல்லாமல் விட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு பையன், ஆறு வயது. மார்ஃபின் கொடுத்ததும் சிரித்துக்கொண்டு பம்பரம் விட்டான், நானும் பெருமையாகக் கிளம்பி வந்துவிட்டேன். ஆறாம் நாள் போன். வயிறு கல்லு மாதிரி, அழுகை, சாப்பாடு இல்லை. வீட்டில் மார்ஃபினைத்தான் குற்றம் சொல்லி நிறுத்தியிருந்தார்கள், கால் வலியும் சேர்ந்துகொண்டது. மலமிளக்கி எழுதிக் கேட்காதது என் தப்பு. மார்ஃபினின் மற்ற தொந்தரவுகள் சில நாளில் பழகும், இது மட்டும் பழகவே பழகாது. வாழைப்பழமும் வெந்நீரும் போதாது. மார்ஃபின் இருக்கும்வரை மலமிளக்கி மருந்தும் தினமும் வேண்டும். இரண்டு நாள் போகவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

வலி எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அழுகையை மட்டும் நம்பாதீர்கள். நாள்பட்ட வலியில் இருக்கும் பிள்ளை அழாது. அசையாமல் படுத்திருக்கும், டிவி பக்கம் திரும்பாது, தொட்டால் முகம் இறுகும். 'சமத்தா இருக்கா' என்று நாம் ஏமாந்துபோவோம். நான்கு புளியங்கொட்டையை அவள் கையில் கொடுங்கள். ஒன்று என்றால் கொஞ்சம் வலி, நான்கும் என்றால் தாங்க முடியாத வலி. "இப்போ எத்தனை கொட்டை?" என்று கேளுங்கள். பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து ஆஸ்பத்திரிகளில் செய்வதும் இதேதான். மருந்து கொடுக்கும்முன் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை கேட்டு நோட்டில் எழுதுங்கள். குளிப்பாட்டவோ பஸ்ஸில் கூட்டிப்போகவோ வேண்டியிருந்தால், அரை மணி முன்னால் எக்ஸ்ட்ரா டோஸ் கொடுக்கலாமா என்றும் கேட்டு வையுங்கள். ரத்தினகிரிக்கு வேண்டுதல் இருக்கிறது, மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று எங்களிடம் கேட்பவர்கள் நிறைய. தாராளமாகப் போகலாம், மருந்து நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

இடுப்பில் ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி வலி என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு. நோயைத் தீர்க்க இல்லை, அந்த எலும்பு வலியைக் குறைக்க. பல நேரம் ஒரே ஒரு நாள் போதும். பலன் தெரியச் சில நாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் திணறினாலோ, அது தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அது.

நுரையீரலில் பரவியிருப்பதால் மூச்சு வாங்கும் நாள் வரலாம். தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். பனை விசிறி ஒன்று வாங்கி வையுங்கள். முகத்துக்கு நேரே, கன்னத்திலும் மூக்கின் பக்கத்திலும் படும்படி மெதுவாக விசிறுங்கள். முகத்தில் காற்று படும்போது திணறல் உணர்வு குறைகிறது. வேலூர் வெயிலில் கரண்ட் போன மத்தியானத்திலும் கை கொடுக்கும். பாட்டி கையில் கொடுங்கள் அந்த விசிறியை, அவருக்கும் ஒரு வேலை வேண்டும். வலிக்குக் கொடுக்கும் அதே மார்ஃபின் சிறிய அளவில் மூச்சுத் திணறலையும் அடக்கும். ஆக்சிஜன் எல்லோருக்கும் தேவைப்படாது.

"எனக்குச் சரியாயிடுமா?" இதற்கு நான் என்ன எழுதினாலும் உங்கள் வாயில் வரும்போது தொண்டை அடைக்கும். உடனே பதில் சொல்லாதீர்கள். "ஏன்மா கேட்கிற? உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் கேட்பது சாவைப் பற்றியாக இருக்கலாம், பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றியாகவும் இருக்கலாம். ஒன்பது வயதில் சாவு திரும்பி வராதது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் காலியானதை அவள் பார்த்திருப்பாள். 'சரியாயிடும்' என்று பொய் சொன்னால் அவள் நம்பமாட்டாள், ஆனால் உங்களுக்காக நம்புகிற மாதிரி நடிப்பாள். அப்புறம் அந்தப் பயத்தை அவள் தனியாகச் சுமப்பாள். "இந்த நோய்க்கு மருந்து இப்போ வேலை செய்யல. ஆனா வலிக்கு மருந்து இருக்கு. நானும் அம்மாவும் உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டோம்." இவ்வளவு போதும். ஸ்வீடனில் புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோர்களைக் கேட்டு 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர், அதில் ஒருவர்கூடப் பேசியதற்கு வருத்தப்படவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பேசியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்தால் நீங்கள் மூடாதீர்கள், அவ்வளவுதான்.

அண்ணனிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ஏழாவது படிக்கிற பையனுக்கு வீட்டில் என்னவோ நடக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? நான் தள்ளிவிட்டதில்தான் அவளுக்குக் கால் வீங்கியது என்று ஒரு வருடம் மனதுக்குள் வைத்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். மூன்று விஷயம் அவன் காதில் விழ வேண்டும்: நோய் யார் தப்பாலும் வரவில்லை, அது ஒட்டாது, அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதில் மாற்றம் இல்லை. 'தங்கச்சி தூங்கிடுவா', 'சாமி கூட்டிட்டுப் போயிடும்' என்று சொல்ல வேண்டாம். சின்னப் பிள்ளைகள் அதற்கப்புறம் தூங்கவே பயப்படுகின்றன. அவனுக்கும் வேலை கொடுங்கள். புளியங்கொட்டைக் கணக்கு நோட்டு அவன் பொறுப்பில் இருக்கட்டும்.

சாப்பாடு குறையும். வாயில் திணிக்காதீர்கள். இரண்டு ஸ்பூன் ரசம் சாதம் கேட்டால் அதுவே அன்றைய விருந்து. "குளுக்கோஸாவது ஏற்றுங்கள்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கடைசிக் கட்டத்தில் அது வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டலாம். உதட்டை ஈரத்துணியால் ஒற்றி, துளி எண்ணெய் தடவினால் போதும்.

வீட்டுக்கு யார் வருவார்கள்? வேலூர் சி.எம்.சி.யில் இந்த வகைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸைப் பற்றி விசாரியுங்கள். ராத்திரி பேசக்கூடிய ஒரு போன் நம்பர் கையில் இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பக்கூடாது என்பேன். நீங்கள் கிளம்பிவிட்டீர்கள், சரி. நாளைக் காலையிலேயே கேட்டு வாங்குங்கள். சிகிச்சை விவரமும் வீட்டில் பார்த்துக்கொள்ள முடிவானதும் எழுதிய கடிதத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள்.

ஏனென்றால் அந்த நாள் வரும்போது கை நடுங்கும். கை கால் குளிர்ந்துபோகும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். கேட்பவர்களுக்குத்தான் அது பயங்கரம், அந்த நேரம் அவளுக்குப் பெரும்பாலும் அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பேசிக்கொண்டிருங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். விழுங்க முடியாவிட்டால் கரைத்துக் கன்னத்துக்குள் விடுவதா, தோலுக்கடியில் சின்ன ஊசி வழியாகவா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் அவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், போகும் வழியில் நெஞ்சை அழுத்துவார்கள். அது வேண்டுமா, அவள் அம்மா மடியில் இருக்க வேண்டுமா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நடு ராத்திரியில் பங்காளிகள் முடிவு செய்யும்படி விடாதீர்கள். நோயில் வீட்டில் நடந்த இறப்பை 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் பதிவு செய்தால் போதும், ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

மாத்திரைகளை எண்ணி, பூட்டி வையுங்கள், பையன் கைக்கு எட்டாமல். மீதமிருப்பதை எந்த ஆஸ்பத்திரியில் வாங்கினீர்களோ அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு அவசரமில்லை, பதினைந்து நாள் கழித்து வரலாம். வரும்போது பையனையும் கூட்டி வாருங்கள்.